ஏணிக்குக் கீழே நிற்பவர்கள்

"ஒன்றாம் படி!" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். இத்தனை வருடங்களாக ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவைத் திருகுவதே அந்த ஒரு மூச்சுக்காகத்தான் என்று அவள் கணவன் கேலி செய்வதுண்டு.

"இந்த வாரமும் இறங்க மாட்டேன்னு உச்சியில சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கு இந்தப் பாட்டு. இதை ஏத்திவிட்டது யாரு? நம்ம மொட்டைமாடி, ஓட்டைக்குடை, தூங்குமூஞ்சி டீச்சர், அப்புறம் வாரம் தவறாத நம்ம உப்புமூட்டை!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன் விரலை உயர்த்தினான். பாட்டு கிளம்பியது. அவள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவன் இன்டர்காம் பொத்தானை அழுத்திக் கேட்டான்.

"இந்த நாலு பேர்ல நிஜமா போன் பண்ணினது யாரு?"

"தூங்குமூஞ்சி டீச்சர்."

"மத்த மூணு பேரை நீதான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தியா?"

"வேலையைப் பாருங்க. பாட்டு முடிஞ்சு அஞ்சு நிமிஷம் வெறும் காத்து ஓடினா மேலாளர் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து எழுப்பி அனுப்பிடுவார்."

'பாட்டு ஏணி' என்பது நிகழ்ச்சியின் பெயர். வாரம் முழுக்க நேயர்கள் நிலையத்துத் தொலைபேசியில் தங்கள் பாட்டைச் சொல்லிப் பதிவு செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தாம் படியிலிருந்து ஒன்றாம் படி வரை பத்துப் பாட்டுகள் ஏறும். யாரும் சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் ஒரு கல்லூரிப் பெண்ணின் பெயர் காதல் பாட்டோடு சேர்ந்து ஒலித்து, அவள் வீட்டில் பெல்ட் பேசிவிட்டது. அதிலிருந்து எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். ஏணியில் ஏறாத பாட்டுகளுக்கு வாக்குப் போட்டவர்களையும் அவள் விட்டுவிடுவதில்லை. நிகழ்ச்சியின் கடைசியில், "ஏணிக்குக் கீழே நிற்பவர்கள்" என்று சொல்லி, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் போல அவர்கள் பெயர்களை மட்டும் ஒரே மூச்சில் வாசிப்பாள்.

ஒரு காலத்தில் அந்த ஒரு மூச்சு போதாமல் இருந்தது. இப்போது பாட்டு எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. யார் ரேடியோவுக்குப் போன் செய்கிறார்கள்? ஒரு படிக்கு ஒரு பெயர்கூடத் தேறாத வாரங்கள் வந்தன. வெறும் படியை அறிவிக்க அவளுக்கு வாய் வரவில்லை. கீழே நின்றிருந்த பழைய பெயர்களில் ஞாபகத்துக்கு வந்தவற்றைப் பிடித்து மேலே ஏற்றிவிட ஆரம்பித்தாள். கல்யாண வீட்டில் கூட்டம் குறைந்தால் பக்கத்து வீட்டாரைப் பந்தியில் உட்கார வைப்பதில்லையா? யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் வரவேற்பறையில் ஒருவர் காத்திருந்தார். நரைத்த தலை, வெளுத்த காக்கிச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"நான் உப்புமூட்டையோட அப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்கய்யா. எங்க நேயர்களுக்கு அப்பா அம்மா உண்டுன்னே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"பஸ் டிரைவரா இருந்தேன். இப்ப ஓய்வு. டிப்போவிலிருந்து வந்ததும் பொண்ணு முதுகில தொத்திக்குவா. உப்பு வேணுமா உப்புன்னு கூவிக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் சுமப்பேன். அந்தப் பேரை எங்களைத் தவிர வேற யார் வச்சுக்கப் போறாங்க?" அவர் உட்காரவில்லை. "அவ தானே பார்த்து ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. வாசப்படி ஏறாதேன்னுட்டேன். அவளும் ஏறல. பிடிவாதத்தில என் அச்சு."

"ம்."

"ஆனா வாரா வாரம் உங்க வாயால அவ பேரைக் கேட்டுடுவோம். முன்னெல்லாம் கடைசியில வேகமாச் சொல்லுவீங்க. காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாத்தான் பிடிபடும். இப்ப ரெண்டு வருஷமா மேலே வந்துட்டா. நேத்து ஒன்றாம் படி!" அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. "சந்தோஷமா இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். அது போதும்னு இருந்தேன்."

அவள் கையில் இருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு தடவை மாப்பிள்ளைகிட்டேயிருந்து போன் வந்துச்சு. எடுத்தேன், அவன் குரலைக் கேட்டதும் வச்சுட்டேன். மறுபடி மறுபடி அடிச்சான். அந்த நம்பரே வராதபடி பண்ணிட்டேன். அப்புறம் மனசு கேட்கல. என்னமோ ஏதோன்னு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை உங்க நிகழ்ச்சியில அவ பேரு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கா, பணம் கிணம் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பான்னு விட்டுட்டேன்."



"இப்ப எதுக்கய்யா வந்தீங்க?"

"அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. நுரையீரல். இந்த வாரத்தைத் தாண்டினா அதிசயம்னு டாக்டர் சொல்லிட்டார். பொண்ணை ஒரு தடவை பார்க்கணும்னு அவ வாயைத் திறந்து கேட்கல. கேட்க மாட்டா. ஆனா எனக்குத் தெரியாதா? அவ இருந்த வீட்டில போய்ப் பார்த்தேன், காலி பண்ணிட்டாங்களாம். மாப்பிள்ளை நம்பரும் இப்ப என்கிட்ட இல்ல. உங்களுக்குத்தான் வாராவாரம் போன் பண்றாளே, அந்த நம்பர் மட்டும் குடுங்கம்மா. நான் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன்."

'தேடிப் பார்க்கிறேன்' என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

பழைய பதிவுகளையெல்லாம் கணவன் வருடவாரியாகச் சேமித்து வைத்திருந்தான். "குப்பைத்தொட்டிக்குப் பொறந்தவர்" என்று அவள் அவனை வைவதுண்டு. அன்று வையவில்லை. ஒலிப்பதிவு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கேட்டார்கள். இருமல்கள், அசட்டுச் சிரிப்புகள், பின்னணியில் அழும் குழந்தைகள். கடைசியில் அந்தக் குரல் வந்தது. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பேசுகிறவள் போல ஒரு அவசரம்.

"அக்கா, உப்புமூட்டை. இந்த வாரமும் ரயில் பாட்டுதான். நீங்க அதை ஏணியில ஏத்துற வரைக்கும் நான் விடறதா இல்ல. எங்கம்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க, அவங்களுக்காகவாவது போடுங்கக்கா!" ஒரு சிரிப்பு. இணைப்பு அறுந்தது.

அதற்கு முந்தைய வாரமும் ரயில் பாட்டு. அதற்கு முந்தையதும். ஒரு வாரம்கூட ஓடாத ஏதோ படத்தில் வந்த பாட்டு. தாலாட்டு மாதிரித் தொடங்கி, போகப் போக ரயில் வேகம் பிடிக்கும். அந்தப் பெண்ணைத் தவிர ஒருவரும் அதற்கு வாக்குப் போட்டதில்லை. அறிவிப்பாளருக்குப் பட்டப்பெயர் ஞாபகம் இருந்தது. பாட்டு இல்லை.

"இதுக்கப்புறம் அவ குரலே இல்ல," என்றான் கணவன். "ரெண்டு வருஷம் ஆச்சு."

"நம்பர்?"

"இருக்கு. நான் அடிக்கவா?"

"நானே அடிக்கிறேன்."

ஆண் குரல் ஒன்று எடுத்தது. அவள் 'பாட்டு ஏணி' என்று சொன்னாள். 

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றான் அவன்.

"அவங்களோட..."

"மூளைக்காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கல. ஐசியுவில இருக்கும்போதே அவங்கப்பாவுக்குப் போன் பண்ணினேன். வச்சுட்டார். திரும்பத் திரும்பப் பண்ணினேன். அப்புறம் மணியே அடிக்கல. எல்லாம் முடிஞ்சு நேர்ல போகலாம்னு கிளம்பினேன். வாசல் வரைக்கும் போயிட்டு, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ளே போறதுன்னு திரும்பிட்டேன். அது என் தப்புதான்." அவன் குரல் தணிந்தது. "அவ போன பிறகு அவ பேரு ரேடியோவில வருதுன்னு யாரோ சொன்னாங்க. நானும் கேட்டேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. அன்னைக்கு ரேடியோவைத் தூக்கிப் பரண்ல போட்டேன்."

அவள் தொலைபேசியைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். கணவன் அதை அவள் கையிலிருந்து எடுத்தான். பிறகு அறைக்கு வெளியே போய், வெளியூரில் படிக்கும் தங்கள் மகளுக்குப் போன் செய்தான். "ஒண்ணுமில்லடா, சும்மாதான். ஏன், சும்மா கூப்பிடக் கூடாதா?" என்று அவன் சொல்வது கேட்டது.

மறுநாள் பிற்பகலில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டிரைவர் தாழ்வாரத்தில் குழாயடியில் மனைவியின் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடி வந்தார். பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் பாதியில் நின்றுவிடுவோம் என்று பயந்தாள்.

அவர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இல்லம்மா. நான் கேட்டேனே. அந்த ஞாயித்துக்கிழமை என் காதால கேட்டேனே."

"அது நான் சொன்னதுய்யா. அவங்க சொல்லல. படி காலியா இருக்கக் கூடாதுன்னு நானாச் சொன்னேன்."

"ஒன்றாம் படி..."

"அதுவும் நான்தான்."

அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று அவள் நினைத்திருந்தாள். கணவன் ஒரு அடி முன்னால் வந்து நின்றதும் அதனால்தான். ஆனால் அவர் குழாயை மறுபடி திறந்து, கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அவன் கூப்பிட்டப்போ உயிரோட இருந்திருக்கா," என்றார் கடைசியில். தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.



"அவங்கம்மாகிட்ட சொல்லாதீங்க. அவ நிம்மதியாப் போகட்டும்." குழாயை மூடினார். "இந்த ஞாயித்துக்கிழமையும் பேரைச் சொல்லுங்க. இத்தனை நாள் சொன்னீங்க. இன்னும் ஒரு தடவை எனக்காகச் சொல்லுங்க."

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கணவன் சொன்னான்.

"வேண்டாம். சேத்தைச் சேத்தால கழுவ முடியாது."

"அவர் கேட்கிறாரே."

"அவர் கேட்பார். அவர் நிலைமை அப்படி. உனக்கு என்ன?"

"எனக்குக் கடன் இருக்கு," என்றாள். "அந்தப் பொண்ணு கேட்ட பாட்டை ஒரு தடவைகூட நான் போடல. கண்ட பாட்டுக்கெல்லாம் அவ பேரை ஒட்ட வச்சேன். இந்தத் தடவை அவ பாட்டோட சொல்றேன். அது மட்டுமாவது நிஜமா இருக்கட்டும்."

அவன் அவளை வெறுமே பார்த்தான். காதலித்த காலத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளை அப்படித்தான் பார்ப்பான், ஏதோ தவறாகப் போகப் போகிறது என்று தெரிந்தும் கை நீட்ட முடியாதவன் போல.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது படிகளையும் அவள் சரியாக ஏறினாள். பெயர் இல்லாத படிகளைப் பெயர் இல்லாமலே விட்டாள். "இந்தப் படிக்கு யாரும் போன் பண்ணல. பரவாயில்ல, பாட்டைக் கேட்போம்." வெறும் படியைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"ஒன்றாம் படி," என்றாள். மூச்சு தானாகவே நின்றது. "இதுக்கு ஒரே ஒரு ஓட்டு. ஆனா வருஷக்கணக்கா, வாரம் தவறாம, விடாம விழுந்த ஓட்டு. உப்புமூட்டை, உங்க ரயில் பாட்டு ஏணி ஏறிடுச்சு. அம்மா கேட்டுக்கிட்டிருக்காங்க."

கணவன் விரலை உயர்த்தினான். தாலாட்டு தொடங்கியது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது போல இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து அறையை விட்டு வெளியே வரும்போதே போன் அடித்தது. டிரைவர்.

"என்னம்மா பண்ணிட்டீங்க?"

"ஐயா?"

"எழுந்து உட்கார்ந்துட்டா. இத்தனை நாள் தலையைத் தூக்காதவ எழுந்து உட்கார்ந்துட்டா. தலை சீவிவிடச் சொல்றா. கதவை விரியத் திறந்து வைக்கச் சொல்றா. என் பொண்ணு வர்றாங்கிறா. நான் என்ன சொல்லட்டும்? வந்து சொல்லுங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

நாலு கட்டில்கள் போட்ட அறை அது. அந்த அம்மாவின் கட்டில் கதவுக்கு நேராக இருந்தது. எண்ணெய் தடவி வாரிய மெல்லிய பின்னல் தோளில் கிடந்தது. தலையணைப் பக்கத்தில் சின்ன ரேடியோ. தாழ்வாரத்தில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அந்தக் கண்கள் வாசலுக்குப் போய்த் திரும்பின. இவர்கள் நுழைந்தபோதும் அப்படி வந்து, ஏமாந்து, திரும்பின.

"நான் ரேடியோவில பேசறவம்மா," என்றாள் அவள்.

குரலைக் கேட்டதும் அந்த முகம் மலர்ந்தது. கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்களா கண்ணு? உங்களைத்தான் கேட்கணும்னு இருந்தேன்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா நீங்க சொல்ற உப்புமூட்டை வேற யாரோன்னு எனக்குத் தெரியும். குத்துப்பாட்டுக்கும் டப்பாப்பாட்டுக்கும் என் பொண்ணு ஓட்டுப் போடுவாளா? செத்தாலும் ரயில் பாட்டுதான். நான் தையல் மெஷினை மிதிக்கிறப்போ பக்கத்தில உட்கார்ந்து, அம்மா ரயில் கிளம்பிடுச்சும்பா."

டிரைவர் மனைவியையே பார்த்தார். "நீ என்கிட்டே சொல்லவே இல்லையே?"

"எதுக்குச் சொல்லணும்? அந்தப் பேரைக் கேட்டாத்தான் ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு வாய் கூடச் சாப்பிடுவீங்க." அவர் இவள் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு உயிரோட இல்லைன்னு அப்பவே மனசுக்குப் பட்டுடுச்சு கண்ணு. மெஷின் சத்தத்தில யாருக்கும் கேட்காம அழுது முடிச்சுட்டேன். இன்னைக்கு ரயில் பாட்டைப் போட்டீங்க பாருங்க... அவதான். வேற யாரும் இல்ல. போன் பண்ணினாளா? எங்கேயிருந்து பண்ணினா? எனக்கு முடியலைன்னு சொன்னீங்களா?"

 மனைவியின் தலைக்கு மேலாக டிரைவர் இவளைப் பார்த்தார். கைகள் இரண்டும் தன்னால் குவிந்திருந்தன. சொல்லிவிடு என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா? அவருக்கே தெரிந்திருக்காது. கணவன் ஜன்னலோரம் தலைகுனிந்து நின்றான். இங்கே கண்ணாடி இல்லை. பாட்டைப் போட்டு மறைக்க முடியாது.

"குரல் எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

"சிரிச்சுக்கிட்டே பேசினாங்க. ஏதோ அவசரத்தில இருந்தாங்க. அம்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க, அவங்களுக்காகவாவது போடுங்கன்னாங்க."

"என்னைச் சொன்னாளா?"

"உங்களைத்தாம்மா சொன்னாங்க."

"எப்ப பேசினா? இன்னைக்கா? நேத்தா?"

தாழ்வாரத்தில் யாரோ நடந்தார்கள். கண்கள் வாசலுக்குப் போயின. செருப்புச் சத்தம் தாண்டிப் போயிற்று. அவை திரும்பி வரும்வரை இவள் காத்திருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிம்மா," என்றாள். "அதுதான் கடைசி. பழைய பதிவு. அதில அவங்க கேட்ட பாட்டை நான் இன்னைக்குத்தான் போட்டேன்."

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த பின்னலை எடுத்து, அதன் நுனியை விரலால் தடவினார். இவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் அதை உதறவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"அதானே," என்றார். தலையணையில் மெல்லச் சாய்ந்தார். டிரைவர் ஓடிவந்து முதுகுக்குக் கை கொடுத்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மனைவி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கதவைச் சாத்திடுங்க," என்றார் கணவரிடம். "காத்து உள்ளே வருது."